முக்கில் ஒருவர் நிற்க வேண்டும்: 108, தீயணைப்பு வண்டி, மீட்புப் படகு – அனுபவப் பகிர்வு

மன்னார்குடி வட்டம், பள்ளி ஆசிரியர்:

போன ஐப்பசியில் ஓர் இரவு, மணி 1:40. அப்பா திண்ணையில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வாயுவாக இருக்கும், சுக்குக் கஷாயம் போடச் சொல்" என்றார். தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தேன், பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வியர்வை. மழை பெய்து ஓய்ந்த குளிரில் ஒரு மனிதருக்கு அப்படி வியர்க்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது. 108-ஐ அழைத்தேன்.

மறுமுனையில் பேசிய பெண் நிதானமாகக் கேட்டார்: மாவட்டம், வட்டம், ஊர், பக்கத்தில் என்ன அடையாளம்? "பிள்ளையார் கோயில்" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான். எங்கள் ஊராட்சியில் நான்கு பிள்ளையார் கோயில்கள் இருக்கின்றன என்பது, அலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது.

வண்டி 20 நிமிடத்தில் வந்துவிட்டது, ஆனால் வேறொரு பிள்ளையாரிடம். வாய்க்காலுக்கு அந்தக் கரையில், தென்னை மரங்களுக்கு நடுவே அந்தச் சுழல் விளக்கு தெரிகிறது. சைரன் கேட்கிறது. நெருங்கி வரவேண்டிய சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. என் வாழ்நாளில் அதைப் போல் ஒரு சத்தம் என்னைக் கலக்கியதில்லை.

எதிர்வீட்டுப் பையன், பிளஸ் டூ படிப்பவன், யாரும் சொல்லாமலே டார்ச்சை எடுத்துக்கொண்டு சைக்கிளில் மதகைத் தாண்டிப் பறந்தான். சற்று நேரத்தில் சைக்கிள் முன்னால் வர, வண்டி பின்னால் வந்தது.

தெருவில் யாரோ டிராக்டர் டிரெய்லரை நிறுத்தியிருந்தார்கள். வண்டி உள்ளே நுழைய வழியில்லை. அப்பா, "முக்கு வரைக்கும் நான் நடந்தே வந்துவிடுகிறேன்" என்று எழுந்தார். மருத்துவ உதவியாளராக வந்த பெண்ணுக்கு 25 வயது இருக்கலாம். அப்பாவின் தோளில் கை வைத்து, "ஐயா, ஓர் அடிகூட நடக்க வேண்டாம். உங்கள் இதயம் இப்போது வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது" என்றார். அந்தப் பெண் சொன்ன சொல்லை அப்பா கேட்டார். நாங்கள் சொன்னால் கேட்டிருக்க மாட்டார். ஸ்ட்ரெச்சரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். வண்டிக்குள் ஆக்சிஜன் வைத்து, அலைபேசியில் மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னார். தஞ்சாவூர் போய்ச் சேரும் வரை அப்பாவின் கையை அவர் விடவே இல்லை.

மருத்துவமனை வாசலில் ஓட்டுநர் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். இரவு 9 மணிக்கு வாங்கிய தயிர்சாதம், காய்ந்து கட்டியாகியிருந்தது. வழி மாறிப் போனதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "முக்கில் ஓர் ஆள் நின்றால் எங்கள் வேலையில் பாதி முடிந்தது சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தமிழ்நாட்டில் 108 வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு முன் எங்கள் ஊரில் நெஞ்சுவலி வந்தவர்களை வாடகைக் காரிலும் பால் வண்டியிலும் ஏற்றிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அப்பா இப்போது வயல் வரப்பில் நடக்கிறார். இப்படிப்பட்ட வண்டிகளோடும் அதில் வந்தவர்களோடும் உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். அந்தப் பணியில் இருப்பவர்கள் எழுதினால் இன்னும் நல்லது.

தீயணைப்புத் துறையில் 31 ஆண்டுகள், இப்போது ஓய்வு:

ஆசிரியர் ஐயாவின் அப்பா நலமாக இருக்கட்டும். அந்த ஓட்டுநர் சொன்னதை நான் முப்பது வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். டெல்டாவில் 12 ஆண்டுகள், மீதி கொங்குப் பக்கம் வேலை பார்த்தவன் நான். இரண்டு சம்பவங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது வைக்கோல் லாரி. அறுவடை முடிந்ததும் மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் வைக்கோல் கட்டு போகும். லாரியில் உயரமாக அடுக்கிவிடுவார்கள். கிராமச் சாலையில் மின்கம்பி தாழ்ந்து தொங்கும். உரசிய உடனே பற்றிக்கொள்ளும். நான் சொல்லும் லாரி குடிசைகளுக்கு நடுவில் பற்றியது. ஓட்டுநர் குதித்து ஓடவில்லை. எரியும் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போய் அறுத்த வயலில் இறக்கி நிறுத்திவிட்டு, அதன்பிறகுதான் கதவைத் திறந்தார். முழங்கைக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. அந்தத் தெருவில் 30 குடிசைகளுக்கு மேல் இருந்தன.

எங்கள் வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர். கேட்கப் பெரிதாக இருக்கும். இரண்டு பிராஞ்சை, அதாவது தண்ணீர் பீய்ச்சும் குழாய்முனையை, திறந்து அடித்தால் பத்து நிமிடம்கூடத் தாங்காது. வைக்கோல் தீ வெளியே அணைந்துவிட்டதைப் போலக் காட்டும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். கட்டுகளைப் பிரித்துப் போட்டு நனைத்தால்தான் அடங்கும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மின்வாரிய லைன்மேன் ஏற்கெனவே வந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கம்பத்தடியில் எங்களுக்காகக் காத்து நின்றார். செங்கல் சூளையிலிருந்து ஒருவர் அழைக்காமலே ஜேசிபியை ஓட்டிக்கொண்டு வந்து கட்டுகளை இழுத்துப் போட்டார். டீசலும் அவருடையது, கூலியும் கேட்கவில்லை.

வண்டித் தண்ணீர் தீர்ந்ததும் பக்கத்துக் குளத்தில் உறிஞ்சுகுழாயை இறக்கினோம். குளம் முழுக்க ஆகாயத்தாமரை. குழாயின் நுனியில் உள்ள சல்லடையில் வேர் வந்து அப்பிக்கொள்கிறது, பம்ப் திணறுகிறது. இரண்டு பையன்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சல்லடைக்கு முன்னால் நின்று, வருகிற தாமரையை எல்லாம் கையால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கரையேறவில்லை. எங்கள் பதிவேட்டில் அன்றைக்கு வண்டி எண் இருக்கும், வீரர்களின் எண் இருக்கும், செலவான தண்ணீர் இருக்கும். அந்த இரண்டு பையன்கள் இருக்க மாட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவதை எழுதவே மனம் கனக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். கோடைக்காலம், வற்றிய கிணற்றில் தூர் வாரும் வேலை. அடியில் தேங்கிய தண்ணீரை இறைக்க டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே, பாதி ஆழத்துப் படியில் வைத்து ஓட்டியிருக்கிறார்கள். இறங்கிய மூத்தவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கத் தம்பி இறங்கினார், அவரும் விழுந்தார். நாங்கள் போய் இறங்கும்போது மூன்றாவதாக ஓர் ஆள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார், இறந்துகொண்டிருப்பவரின் மகன். ஓர் அம்மா அவர் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். சட்டை கிழிந்துவிட்டது. அவன் திட்டுகிறான், தள்ளுகிறான். "அவர்கள் வரட்டும் சாமி, அவர்கள் வரட்டும்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாமல் பிடித்த பிடியை அந்த அம்மா விடவே இல்லை. கீழே கிடந்த மூத்தவர் அவருடைய கணவர்.

எங்கள் ஆள் மூச்சுக்கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார். தம்பியைப் பிழைக்க வைக்க முடிந்தது. மூத்தவரை உயிரோடு மீட்க முடியவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்றால் அதற்குக் காரணம் நாங்கள் அல்ல, அந்த அம்மாவின் பத்து விரல்கள்.

ஊரில் பலர், விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்து, அணையவில்லை என்றால் இறங்கலாம் என்று நினைக்கிறார்கள். பிராணவாயு குறைந்திருந்தால் விளக்கு அணையும், உண்மைதான். இன்ஜின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காது, ஆளைத்தான் சாய்க்கும். கழிவுநீர்த் தொட்டிக்கும் இதே விதிதான். முகத்தில் கட்டிய ஈரத்துண்டு எதையும் தடுக்காது. இறங்காதீர்கள், 101-ஐ அழையுங்கள், நாங்கள் வரும் வரை இன்னொருவரையும் இறங்க விடாதீர்கள். ஒவ்வோர் ஏப்ரல் 14-லும், 1944-இல் பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகின் கப்பல் வெடித்தபோது மடிந்த 66 தீயணைப்பு வீரர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டு, அந்த வாரம் முழுக்க ஊர் ஊராகப் போய்ச் செயல்விளக்கம் காட்டுவோம். நான் போன இடமெல்லாம் தீயைப் பற்றிப் பேசியதைவிடக் கிணற்றைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

கொல்லிமலை, முன்னாள் 108 மருத்துவ உதவியாளர்:

காரவள்ளியிலிருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவது கடினம், அதிலும் படுத்திருப்பவர்களுக்கு. ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கம் சரியும், வயிறு மறுபக்கம் போகும். நான் ஒரு கையால் மேலே உள்ள கம்பியையும் மறு கையால் நோயாளியையும் பிடித்தபடிதான் எத்தனையோ பயணம் போயிருக்கிறேன்.

அன்று வந்தது பிரசவ அழைப்பு. அந்தப் பெண்ணின் ஊருக்கு வண்டி போகும் பாதை இல்லை. தூளி கட்டி நான்கு பேர் தோளில் சுமந்து சாலைக்குக் கொண்டு வந்தார்கள், தோள் மாற்றிக்கொள்ள இன்னும் நான்கு பேர் கூடவே ஓடிவந்தார்கள். மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் இறக்கி வைத்தபோது எட்டுப் பேருக்கும் பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. இரண்டாவது குழந்தை, நாள் இருந்தது, ஆனால் வலி முந்திக்கொண்டது. குழந்தை குறுக்கே இருப்பதாக ஏற்கெனவே சொல்லியிருந்ததால் கீழே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஆனால் நான் தொட்டுப் பார்த்தபோது தலை இறங்கியிருந்தது. அப்படித் திரும்புவதும் உண்டு.

பாதி மலை இறங்குவதற்குள் அந்தப் பெண், "அக்கா, வருகிறது" என்றாள். இரண்டாவது பிரசவத்தில் தாய் அப்படிச் சொன்னால் நம்ப வேண்டும். பைலட் அண்ணனிடம், 108-இல் ஓட்டுநரை அப்படித்தான் சொல்வோம், நிறுத்தச் சொன்னேன். 34/70 என்று எழுதிய பலகைக்குப் பக்கத்தில் கொஞ்சம் அகலமான இடம். அண்ணன் வண்டியை மலைப்பக்கமாக ஒட்டி நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். கீழிருந்து வந்த பஸ்ஸின் ஓட்டுநர் எதையும் கேட்காமல் இன்ஜினை அணைத்தார். நடத்துநர் இறங்கிப் போய் மேல் வளைவில் நின்றுகொண்டார். அவ்வளவு பேர் இருந்தும் வெளியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பெண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. நீலம் பூத்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்தேன், வாயையும் மூக்கையும் சுத்தம் செய்தேன், முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பயிற்சியில் நொடிகளை எண்ணச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நான் எண்ண மறந்துவிட்டேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல், பிறகு நல்ல அழுகை. வெளியே பஸ் பயணிகள் கை தட்டினார்கள். அதைக் கேட்டுத்தான் தாய் அழ ஆரம்பித்தாள்.

குழந்தையைத் தாயின் மார்பில் போட்டு இருவரையும் ஒரே போர்வையால் மூடினேன். மீதி வளைவுகளை அண்ணன் இறக்கிய விதத்தை என்னால் மறக்க முடியாது. நெய்க்கிண்ணம் தளும்பாமல் கொண்டு போவதைப் போல.

12 மணி நேர ஷிப்ட் அது. உடம்பு இடம் கொடுக்காததால் ஐந்தாவது வருடம் வேலையை விட்டேன். ஆசிரியர் சொன்ன முக்கு எங்களுக்குச் சாலையோரம் அந்த மிளகு மரம். எட்டுப் பேர் அங்கே வந்து சேராமல் இருந்திருந்தால் நான் எங்கே காத்திருந்து என்ன பயன்?

தூத்துக்குடி கடற்கரை, நாட்டுப்படகு மீனவர்:

எங்களுடையது சைரன் இல்லாத வண்டி. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருடத்து மழையே எங்கள் பக்கம் அவ்வளவு இருக்காது. தாமிரபரணி கரை மீறியது, ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது, ஏரல் தண்ணீருக்குள் போனது. கரையில் இழுத்துப் போட்டிருந்த ஃபைபர் படகுகளை நாங்கள் லாரியில் ஏற்றினோம். கடலுக்குப் போகும் படகு ஊருக்குள் போகிறது என்று என் மாமா கண்ணீரோடு சொன்னார்.

கடல் எங்களுக்குத் தெரியும். தெரு தெரியாது. கடலில் அடியில் என்ன கிடக்கிறது என்பதை நீரின் நிறத்தைப் பார்த்துச் சொல்வோம். இங்கே எல்லாமே செம்மண் நிறம். வாழைத்தோட்டத்துக்கு மேலே போகிறோமா, மதில்சுவருக்கு மேலே போகிறோமா என்று தெரியவில்லை. முதல் நடையிலேயே இன்ஜின் விசிறியில் வேலிக்கம்பி சுற்றிக்கொண்டது. பிறகு இன்ஜினைத் தூக்கி வைத்துவிட்டு மூங்கில் கழியை ஊன்றித்தான் போனோம்.

அப்போதுதான் அந்த ஊர்த் தம்பி ஒருவன் மாடியிலிருந்து இறங்கிப் படகின் முகப்பில் வந்து உட்கார்ந்தான். மளிகைக் கடையில் வேலை பார்ப்பவனாம், வீடு வீடாகச் சாமான் கொண்டு கொடுப்பவன். "அண்ணே, இடதுபக்கம் கிணறு. நேராகப் போனால் டிரான்ஸ்பார்மர். இந்தச் சுவர் முடிந்ததும் திரும்புங்கள், பச்சைக் கேட் வீட்டில் சர்க்கரை நோய்ப் பாட்டி தனியாக இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே வருவான். பச்சைக் கேட் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, எங்களுக்குத் தெரிவது மொட்டைமாடி மட்டும். அவன் கண்ணுக்கு ஊர் முழுதாகத் தெரிந்தது. பாட்டியைத் தோளில் தூக்கி இறக்கினோம். ஊசி மருந்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாலையில் தீயணைப்பு வீரர்கள் ரப்பர் படகோடு வந்தார்கள். அவர்களிடம் நல்ல கயிறும் மிதவைச் சட்டைகளும் இருந்தன, எங்களிடம் கழி போடத் தெரிந்த கை இருந்தது. நிலைய அலுவலர் எங்களை ஓரங்கட்டவில்லை. "நீங்கள் படகைப் பாருங்கள், நாங்கள் ஆளைத் தூக்குகிறோம்" என்று பிரித்துக்கொண்டார். இரண்டு நாள் அப்படியே ஓடியது. மேலே எழுதிய ஓய்வுபெற்ற ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: குளத்தில் நின்ற அந்தப் பையன்களை நீங்கள் நினைவு வைத்திருப்பதே அவர்களுக்குப் பெரிய மரியாதை.

முல்லைத்தீவு:

இங்கே 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் வடக்குக்கு வந்தது 2018 ஜூலையில். அதற்கு முன்னர் உழவு இயந்திரம் அல்லது ஆட்டோ, அவ்வளவுதான். எங்கள் ஐயாவை, அதாவது அப்பாவை, வயலில் புடையன் பாம்பு கடித்தது மாலை மங்கும் நேரத்தில். அண்ணை சாரத்தைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டப் போனார். தொலைபேசியில் இருந்த பிள்ளை, "கட்ட வேண்டாம், வெட்ட வேண்டாம், காலை அசைக்காமல் படுக்க வையுங்கோ" என்று மூன்று தரம் சொன்னது. ஆசிரியருக்குப் பிள்ளையார் என்றால் எங்களுக்கு வைரவர். குளக்கட்டு நெடுகிலும் வைரவர் சூலம். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பிரதான வீதிக்குப் போய், விளக்கைப் போட்டபடி நின்றார். ஐயா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கால் தப்பியது.

ஆஸ்திரேலியா, விக்டோரியா மாநிலத்துச் சிற்றூர்:

நான் மதுரைக்காரன், இங்கே செவிலியர் வேலை. குடியேறிய முதல் கோடையில் வீட்டுக்குப் பின்னால் புல்வெளி பற்றியது. 40 டிகிரி வெயில், வடக்குக் காற்று. சிவப்பு வண்டி வந்து நின்றதும் இறங்கியவர்களைப் பார்த்துத் திகைத்துப் போனேன். ஓட்டி வந்தவர், காலையில் எனக்கு ரொட்டி விற்ற பேக்கரிக்காரர். அடுத்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். குழாயைப் பிடித்தது 19 வயதுப் பெண். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. மெல்பர்னிலும் பெரிய நகரங்களிலும் 2020 முதல் ஃபயர் ரெஸ்க்யூ விக்டோரியா என்ற ஊதியப் படை இருக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களுக்குக் கன்ட்ரி ஃபயர் அத்தாரிட்டியின் தன்னார்வலர்கள்தான். பேஜர் ஒலித்தால் கடையைப் பூட்டிவிட்டு ஓடுவார்கள். அடுத்த வருடம் நானும் சேர்ந்தேன்.

பயிற்சியின் முதல் நாட்களிலேயே லின்டன் என்ற ஊரில் நடந்த காட்டுத்தீயைப் பற்றிச் சொன்னார்கள். 1998 டிசம்பர் 2. ஜீலாங் வெஸ்ட் குழுவைச் சேர்ந்த ஐந்து தன்னார்வலர்கள், வண்டித் தண்ணீர் குறைந்துபோனதால் நிரப்பப் போய்க்கொண்டிருந்தபோது காற்று திசை மாறியது. பக்கவாட்டில் இருந்த தீ அவர்களை நோக்கித் திரும்பியது. ஐவரும் இறந்தார்கள். இன்று எங்கள் டேங்கரில் 3,000 லிட்டர் இருக்கிறது என்றால் அதை முழுவதும் தீயின் மேல் கொட்டிவிட மாட்டோம். அடியில் ஒரு பங்கை எங்கள் உயிருக்காக விட்டுவைப்போம். தீ சூழ்ந்தால் உள்ளே வெப்பத்திரையை இறக்கி, போர்வையைப் போர்த்திக்கொண்டு, வண்டியைச் சுற்றித் தண்ணீரைத் தெளித்தபடி தீ கடந்து போகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழக்குகிறார்கள். குழாயைத் தரையில் வீசிவிட்டு அந்தத் திரையைத் தேடித் தடவும்போது, ஒவ்வொரு முறையும் அந்த ஐந்து பேரை நினைத்துக்கொள்வேன்.

எங்களுக்கும் முந்தி வருவது பெரும்பாலும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். யூட் என்று சொல்லும் தங்கள் திறந்த சிறு சரக்கு வண்டியின் பின்னால் சிறிய தொட்டியும் பம்பும் ஏற்றி வைத்திருப்பார்கள். எங்கள் வண்டி போய்ச் சேரும்போது அவர்களில் ஒருவர் எப்போதும் வேலிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். எந்த மேட்டில் வண்டி கவிழும், எந்த ஓடையில் சக்கரம் புதையும், எந்தப் பண்ணைக் குட்டையில் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்பதையெல்லாம் ஜன்னல் வழியாக நான்கு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். போன பிப்ரவரியில் அப்படி நின்றவருக்கு 80 வயதுக்கு மேல். நாங்கள் போன பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அவருடைய வைக்கோல் கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் சொல்லவே இல்லை. அண்டை வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எங்களை அங்கே அனுப்பினார்.

மன்னார்குடி வட்டம், பள்ளி ஆசிரியர்:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. கிணற்றடியில் சட்டையைப் பிடித்திருந்த அந்த அம்மாவைப் பற்றி வீட்டில் வாசித்துக் காட்டினேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை.

இங்கே இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. நான்கு பிள்ளையார்களுக்கும் தனித்தனிப் பெயர்ப்பலகை வைத்தாயிற்று: அரசமரத்துப் பிள்ளையார், மதகடிப் பிள்ளையார், பள்ளிக்கூடத்துப் பிள்ளையார், மேலத்தெருப் பிள்ளையார். 108-இல் கேட்டால் எந்தப் பிள்ளையார் என்று எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, ஒருவர் அழைப்பவராகவும் ஒருவர் எடுப்பவராகவும் பேசிப் பழக வைத்தேன். இரவில் முக்குக்கு ஓட ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பையன் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான், அவன் தங்கை பெயர் கொடுத்திருக்கிறாள்.

மதகுக்குப் பக்கத்துக் கம்பத்தில் விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை. ஓய்வுபெற்ற ஐயா சொன்னபடி, கீழத்தெருவில் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியையும் சேர்த்து மனு எழுதியிருக்கிறோம். வைக்கோல் ஏற்றும் காலம் தொடங்குவதற்குள் நேரில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.